காவலும் துணையும்: மட்டக்களப்பிலிருந்து ஒரு குறிப்பு

போர் நடக்கும் இடங்களில், அச்சுறுத்தலுக்கு உள்ளானவர்களுடன் ஆயுதமின்றி உடன் சென்றும் உடன் தங்கியும் காக்கும் திருச்சபைத் தன்னார்வலர்களின் வரலாற்றை 1984இலிருந்து தொடங்குவது வழக்கம். அவ்வாண்டு ஸ்ட்ராஸ்பர்க்கில் கூடிய மெனனைட் உலக மாநாட்டில் ரொனால்ட் சைடர் ஆற்றிய உரை, 1986இல் கிறிஸ்தவ சமாதானக் குழுக்கள் தோன்றக் காரணமாயிற்று. 2002இல் உலகத் திருச்சபைகள் மன்றம் பாலஸ்தீனத்துக்குத் தன்னார்வலர்களை அனுப்பத் தொடங்கியது. இவ்வரலாற்றில் மட்டக்களப்புக்கும் ஓரிடம் உண்டு என்பது என் கருத்து.

அங்கு இப்பணியைச் செய்தவர்கள் வெளியிலிருந்து சில காலத்துக்கு வந்தவர்கள் அல்லர். அவ்வூரிலேயே வாழ்ந்த குருக்கள். பிரஜைகள் குழுவின் தலைவராயிருந்த அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ 1988 ஜூன் 6 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது, அமெரிக்காவில் பிறந்த இயேசு சபைக் குருக்களான ஹரி மில்லரும் யூஜின் ஹெபர்டும் சமாதானக் குழுவில் இயங்கினர். காணாமற்போனோரைப் பற்றிய விவரங்களைத் திரட்டுவது அக்குழுவின் முதன்மைப் பணிகளுள் ஒன்று. 1990 ஆகஸ்ட் 15 அன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், ஹெபர்டும் உடன் சென்ற தமிழ் இளைஞர் ஒருவரும் காணாமற்போயினர்.

இக்காலத்தில் சர்வதேச சமாதானப் படையணியும் இலங்கையில் இருந்தது. 1981இல் உருவான இவ்வமைப்பின் நிறுவனர்களுள் காந்திய சாந்தி சேனையின் நாராயண் தேசாயும் ஒருவர். மதச்சார்பற்ற இவ்வமைப்பு 1989 முதல் அச்சுறுத்தலுக்கு உள்ளானோருக்குத் துணை நின்றது. தன் அறிக்கைகளை அரசு கட்டுப்படுத்த முயன்றதால் 1998இல் வெளியேறியது. வெளிநாட்டவர் ஒருவர் சாட்சியாக நிற்கையில், தாக்க நினைப்பவன் விளைவை எண்ணித் தயங்குவான் என்பதே இம்முறையின் அடிப்படை. பெர்னாண்டோவிடம் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு இல்லை. ஹெபர்டிடம் இருந்தது, ஆயினும் அது அவரைக் காக்கவில்லை.

எனில் இப்பணியின் பொருள் என்ன? தமிழில் 'காவல்' வேறு, 'துணை' வேறு. காவலுக்கு வலிமை வேண்டும். காப்பவர் காக்கப்படுபவரினும் ஒரு படி மேலே நிற்பார். வழித்துணையோ அதே வழியின் ஆபத்தைப் பகிர்ந்துகொள்பவர். 1948இல் வந்த மில்லர், போர் முடிந்த பின்னும் மட்டக்களப்பிலேயே வாழ்ந்து 2019இல் மறைந்தார். அவர் அளித்தது காவலன்று, துணை.

இவ்வேறுபாட்டை ஏற்றால், ஆய்வின் பார்வையும் மாற வேண்டும். அன்று அச்சாலையில் துணையாகச் சென்றவர் குரு மட்டுமல்லர்; அந்த இளைஞரும் அவருக்கு வழித்துணையாகவே சென்றார். அவரைப் போன்றோரையும் துணை நின்றோராகவே எண்ணி இவ்வரலாற்றை எழுத வேண்டும்.