விழிவெண்படல ஒட்டும் கண்தானமும்

ஐம்பொறிகளுள் கண்ணைத் தலையாயதாக மதித்தனர் நம் முன்னோர். காளத்தியப்பருக்குத் தம் கண்ணை இடந்து அப்பிய கண்ணப்பரைப் பெரியபுராணம் போற்றுகின்றது. இரந்து வந்த அந்தணனுக்குச் சிபி மன்னன் தன் இரு கண்களையும் ஈந்தான் எனப் பௌத்த சாதகக் கதை கூறுகின்றது. ஒருவர் கண் மற்றொருவர்க்கு உதவும் என்னும் இவ்வெண்ணம் மருத்துவ உண்மையாக மலர்வதற்கு நெடுங்காலம் சென்றது.

கண்ணின் முன்புறத்தே பளிங்கெனத் திகழ்வது விழிவெண்படலம். நடுவிடத்தில் ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் தடிப்பே உடைய அது பல படைகளாலானது. நெற்றாள் கீறுவதாலும், சுண்ணாம்பு தெறிப்பதாலும், கிருமிகள் தொற்றுவதாலும் அதிற் புண் தோன்றுவதுண்டு. புண் ஆறியபின் எஞ்சும் வெண்தழும்பையே கண்ணிற் பூ விழுந்தது என்பர்.

பழுதுற்ற படலத்தை நீக்கி வேறொன்றை ஒட்டலாம் என்னும் கருத்தை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மானிய வைத்தியர் ரைசிங்கர் வெளியிட்டார். 1886இல் வொன் ஹிப்பெல் என்பார் உட்படையைத் தொடாது மேற்படைகளை மாத்திரம் அகற்றி, அவ்விடத்தில் முயலின் படலத்தைப் பொருத்தினார். மேற்படை ஒட்டுக்கு அடிகோலியது இம்முயற்சியே. 1905இல் ஒலோமூத்ஸ் நகரில் எட்வர்ட் சிர்ம், சுண்ணாம்பால் பார்வையிழந்த கூலியாள் ஒருவருக்குச் சிறுவன் ஒருவனின் படலத்தை முழுத்தடிப்பாக ஒட்டி வெற்றி கண்டார். பின்னர் ஒடெசாவில் பிலாத்தோவ், இறந்தோர் கண்களையும் இதற்குப் பயன்படுத்தலாம் என நிறுவினார்.

நோய் மேற்படைகளோடு நின்றுவிடின், முழுப்படலத்தையும் அகற்றுவானேன்? உட்படை நோயாளியினுடையதாகவே இருத்தலின், அதனை உடல் அயற்பொருளென வெறுத்து ஒதுக்கும் அச்சமில்லை. விழியின் உள்ளறையைத் திறக்க வேண்டாமையின் ஆபத்தும் குறைவு. முழுத்தடிப்பு ஒட்டுக்குத் தகாத கண்ணும் இதற்கு உதவும். எனினும், இரு படைகள் கூடுமிடத்தில் மங்கல் தோன்றிப் பார்வையைக் குறைப்பது நெடுநாட் குறையாக இருந்தது. 2002இல் அன்வர், தைக்மன் என்னும் இருவர், காற்றைச் செலுத்தி ஆழ்படையைப் பிரித்தெடுக்கும் முறையை விளக்கியபின் அக்குறை பெரிதும் நீங்கிற்று.

ஆயினும், கத்தி எத்துணைக் கூரியதாயினும் ஒட்டுதற்குக் கண் வேண்டுமன்றோ! சென்னை எழும்பூர் அரசினர் கண் மருத்துவமனையில் 1945இல் கண் வங்கி தோன்றிற்று. இலங்கையில் ஹட்சன் சில்வா என்பார் 1958இல் பத்திரிகை வாயிலாக மக்களிடம் கண்களை வேண்டினார். 1960இல் தம் அன்னையார் மறைந்தபோது அவர் கண்களையே முதற்கண் அளித்துத் தம் சொல்லுக்குத் தாமே சான்றாயினார். 1961இல் இலங்கைக் கண்தானச் சங்கம் நிறுவப்பட்டது. 1964இல் பனிக்கட்டியிட்ட குடுவையிற் சிங்கப்பூருக்குச் சென்ற கண்களைத் தொடர்ந்து, ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் இத்தீவின் கொடையைப் பெற்றன.

சாதகக் கதை சிங்கள மக்களின் நெஞ்சைத் தொட்டது போலக் கண்ணப்பர் வரலாறு சைவ மக்களின் நெஞ்சையும் தொடல் வேண்டும். கண்ணப்பர் உயிரோடிருக்கையிற் கொடுத்தார். இன்று வேண்டப்படுவதோ உயிர் நீங்கிச் சில மணி நேரத்துள் எடுக்கப்படும் கண்ணே. தீக்கிரையாவது ஒருவர்க்கு ஒளியாகுமாயின் அதனினும் சிறந்த ஈமக்கடன் யாது? திருகோணமலையை அடுத்து அன்புவழிபுரம் என ஓர் ஊர் உண்டு. அப்பெயர் சுட்டும் வழி இதுவேயாம்.