பேர் தெரியாது, வரி தெரியும்: சங்கக் கவிஞர்களின் யூசர்நேம்கள்

காலேஜ் படிக்கும்போது ராத்திரியெல்லாம் ஆன்லைன்ல கேம் விளையாடுற ஒரு கும்பல் எங்களுக்கு இருந்தது. அஞ்சு பேர். நாலு பேர் ஒரே ஹாஸ்டல். அஞ்சாவது ஆள் யாருன்னு எங்க யாருக்குமே தெரியாது. ஒரு நாள் ஆள் குறைஞ்சப்போ கேமே கொண்டுவந்து சேர்த்துவிட்ட ஆள் அவர். குரலைக் கேட்டா எங்களைவிட மூத்தவர், அதனால அண்ணன். அவரோட யூசர்நேம் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குப்பை, வாயால சொல்லவே முடியாது. ஆனா ஆட்டம் சூடுபிடிக்கிற நேரமாப் பார்த்து ஆள் காணாமப் போயிடுவார். ரெண்டு நிமிஷம் கழிச்சு போன்ல இருந்து சாட்டுக்கு ஒரே ஒரு வரி வரும்: "கரண்ட் போச்சு."

மூணாவது வாரமே அவர் 'கரண்ட் போச்சு அண்ணன்' ஆயிட்டார். மூணு வருஷம் அப்படித்தான் கூப்பிட்டோம். அப்புறம் எல்லாருக்கும் வேலை கிடைச்சுது, ஆளுக்கொரு ஊர். உங்க பேர் என்னண்ணான்னு நான் ஒரு தடவைகூடக் கேட்கலை.

இந்த எபிசோட் அவரைப் பத்தினது இல்ல. ஏறக்குறைய 2000 வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி பேர் வாங்கினவங்களைப் பத்தினது.

ஸ்கூல்ல படிச்ச செம்புலப்பெயனீரார் ஞாபகம் இருக்கா? குறுந்தொகை 40-ஆம் பாட்டு. உங்க அம்மாவும் எங்க அம்மாவும் யாரோ, நாம ரெண்டு பேரும் யாரோ, ஆனாலும் செம்மண்ல விழுந்த மழைத்தண்ணி மாதிரி நெஞ்சு ரெண்டும் கலந்துடுச்சுன்னு சொல்ற பாட்டு. ரொம்ப நாள் வரைக்கும் அதை அவரோட நிஜப் பேருன்னே நினைச்சுட்டு இருந்தேன். பரீட்சையில ரெண்டு மார்க் கேள்விக்கு எழுதின பேர்தானே, சந்தேகப்படணும்னு தோணலை. செம்புலம்னா செம்மண் நிலம், பெயல்னா மழை. குழந்தைக்கு யாராவது 'செம்மண் மழைத்தண்ணி'ன்னு பேர் வைப்பாங்களா? அந்தப் பாட்டுல வர்ற உவமையையே எடுத்து, கடைசியில 'ஆர்'னு ஒரு மரியாதையைச் சேர்த்து, பாடினவருக்குப் பேராக்கிட்டாங்க.

சங்கப் பாட்டுகள் ஓலைச்சுவடியில வந்தப்போ, ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே ஒரு குறிப்பும் கூடவே வந்தது. இது யார் யாருகிட்ட சொல்ற மாதிரி பாடினது, பாடினவர் யாரு. எங்க பாஷையில சொன்னா மெட்டாடேட்டா. இன்னிக்கு நமக்குக் கிடைக்கிற கவிஞர் பேரெல்லாம் அந்தக் குறிப்புல இருந்து வந்ததுதான். பொதுவாச் சொல்ற கணக்குப்படி எட்டுத்தொகை, பத்துப்பாட்டு எல்லாம் சேர்த்து 2381 பாட்டு, 473 புலவர்கள். 102 பாட்டுக்குப் பேரே கிடையாது.

இருக்கிற பேரையெல்லாம் வரிசையாப் படிச்சுப் பாருங்க. மெயில் ஐடி உருவாக்கும்போது 'இந்தப் பேர் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது'ன்னு ஒரு சிவப்பு வரி வருமில்லையா, அந்தப் பிரச்சினை அப்பவே இருந்திருக்கு. சாத்தன், கீரன், நாகன்னு ஊர் முழுக்க ஒரே பேர். நாம என்ன பண்றோம்? பின்னாடி பிறந்த வருஷத்தைப் போடுறோம். அவங்க முன்னாடி ஊரையும் தொழிலையும் போட்டாங்க. மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் தானிய வியாபாரி. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி வியாபாரி. உறையூர் மருத்துவன் தாமோதரனார் டாக்டர். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், வாத்தியார் வீட்டுப் பையன். எங்க தாத்தா போன்ல இன்னமும் 'பால் முருகன்', 'கேபிள் முருகன்'னுதான் இருக்கு. அதே லாஜிக்.

நமக்கு வேண்டியது இன்னொரு வகை. ஊர் தெரியாது, தொழில் தெரியாது, சாத்தனா கீரனான்னும் தெரியாது. ஒரு வரி மட்டும் தெரியும்.

யானை ஒண்ணு மூங்கிலை வளைச்சுத் தின்னுட்டு விட்டுடுது. மூங்கில் விருட்டுன்னு மேல எழும்புது. இந்த ஒரே காட்சியை குறுந்தொகையில ரெண்டு பேர் பார்த்திருக்காங்க. ஒருத்தருக்கு அது மீன் சிக்கினதும் சுண்டி மேல இழுக்குற தூண்டில் மாதிரி தெரிஞ்சுது. அவர் மீனெறி தூண்டிலார், 54-ஆம் பாட்டு. இன்னொருத்தருக்கு அது கட்டவிழ்த்து விட்ட குதிரை துள்ளிப் பாயுற மாதிரி இருந்தது. அவர் விட்டகுதிரையார், 74-ஆம் பாட்டு. ஒரே மூங்கில். தூண்டில்னு சொன்னவர் தூண்டில், குதிரைன்னு சொன்னவர் குதிரை. ரெண்டு பேரும் அவங்க கண்ணுக்குத் தெரிஞ்சதாவே ஆயிட்டாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சவர் குப்பைக்கோழியார். அந்தப் பேருக்குப் பின்னாடி வர்ற 'ஆர்'ஐக் கவனிங்க. குப்பைக்கோழி சார்! சிரிச்சுட்டுப் பாட்டைப் படிச்சா சிரிப்பு நின்னுடும். குப்பைமேட்டுல ரெண்டு சேவல் தானா சண்டை போடுது. சண்டைக்கு விட்டவனும் இல்ல, விலக்கிவிட ஆளும் இல்ல. என் காதல் நோயும் அப்படித்தான், அதுவா அடங்கினாத்தான் உண்டுன்னு ஒரு பொண்ணு சொல்றா.

ஐடியில இருக்கிற நண்பர்களுக்கு நான் பரிந்துரைக்கிறது நற்றிணை 284. ஊரைவிட்டு வேலைக்காகப் போன ஒருத்தன். நெஞ்சு சொல்லுது, கிளம்பு, அவகிட்ட போகலாம். அறிவு சொல்லுது, எடுத்த வேலையை முடிக்காமப் போனா அசிங்கம். ரெண்டு யானை ஆளுக்கொரு பக்கமாப் பிடிச்சு இழுக்குற தேய்ஞ்ச பழைய கயிறு மாதிரி என் உடம்பு அழியப்போகுதாங்கறான். பாடினவர் பேர் தேய்புரிப் பழங்கயிற்றினார். பழைய கயிறு! டெட்லைன் வாரத்துல இதைவிடப் பொருத்தமான ஒரு ஹேண்டிலை நான் பார்த்ததில்லை.

அப்புறம் கல்பொரு சிறுநுரையார். வெள்ளத்துல பாறைமேல மோதி மோதிக் கொஞ்சம் கொஞ்சமா இல்லாமப் போற நுரை. அணிலாடு முன்றிலார். அவன் விட்டுட்டுப் போனா, ஆளுங்க காலி பண்ணிட்டுப் போன வீட்டு வாசல்ல அணில் விளையாடுற மாதிரி ஆயிடுறேங்கறா அந்தப் பாட்டுல வர்றவ. அந்தப் பாட்டைப் பாடினவரோட பேரும் காலி பண்ணிட்டுப் போயிடுச்சு, அணில் மட்டும் இருக்கு.

இதுவரைக்கும் நான் 'அவர்'னு சொல்லிட்டே வந்தேன், கேட்கிற நீங்களும் ஒரு தாடிவெச்ச ஆம்பளையைத்தான் கற்பனை பண்ணியிருப்பீங்க. தமிழ்ல 'ஆர்' மரியாதை மட்டும்தான் சொல்லும், ஆணா பெண்ணான்னு சொல்லாது. அந்தச் செம்மண் பாட்டை ஒரு பெண் பாடியிருந்தா, அது நமக்குத் தெரிய வழியே இல்ல. காக்கைபாடினியார் நச்செள்ளையார் விஷயத்துல தப்பிச்சோம். வீட்டுக்காரர் திரும்பி வரக் காரணம் அந்தக் காக்கா கரைஞ்சதுதான், அதுக்கு ஏழு பானை நெய்ச்சோறு வெச்சாலும் கம்மின்னு குறுந்தொகை 210-ல பாடினவங்க. 'பாடினி'ங்கற சொல்லே பெண்ணுன்னு காட்டிக் கொடுக்குது. நச்செள்ளைங்கற பேரும் கூடவே தங்கிடுச்சு. பதிற்றுப்பத்துல ஆறாம் பத்து இவங்க பாடினது. சேர அரசன் நகை செய்துக்க 9 கா பொன்னும், 1 லட்சம் காணமும் கொடுத்தான்னு அதோட பதிகம் சொல்லுது. குப்பைக்கோழியாருக்கு அப்படி ஒரு பதிகம் இல்ல.

சரி, இந்தப் பேரை வெச்சது யாரு? வழக்கமான பதில், பாட்டைத் தொகுத்தவங்க. குறுந்தொகையைத் தொகுத்தது பூரிக்கோ. கையில 401 பாட்டு, கடவுள் வாழ்த்து தனி. சில பாட்டுக்கு ஆள் தெரியலை. பாட்டுல நல்லா இருக்கிற சொல்லை எடுத்துப் பேரா வெச்சிருப்பார். ரொம்ப நாள் நானும் இதைத்தான் நம்பினேன். டேட்டாபேஸ்ல காலியா இருக்கிற கட்டத்தை நிரப்புற வேலை.

ஆனா ரெண்டு விஷயம் உதைக்குது. ஒண்ணு, நிரப்புறதுதான் நோக்கம்னா எல்லாத்தையும் நிரப்பியிருக்கலாமே? குறுந்தொகையிலேயே சில பாட்டு பேர் இல்லாம நிக்குது. நற்றிணையில அப்படி 50-க்கும் மேல. அதுலயும் அழகான உவமை இருக்கத்தான் செய்யுது.

ரெண்டாவது, ஓரேருழவர். குறுந்தொகை 131. அவ இருக்கிற ஊர் ரொம்ப தூரம். இவன் மனசு, மழை பெஞ்சு ஈரம் சரியா இருக்கிற நேரத்துல ஒரே ஒரு ஏர் வெச்சிருக்கிற விவசாயி மாதிரிப் பறக்குது. ஈரம் காயறதுக்குள்ள மொத்த நிலத்தையும் உழுதாகணும், இருக்கிறது ஒரே ஏர். பேர் இங்க இருந்து வந்துச்சு, சரி. ஆனா இதே பேர் புறநானூறு 193-லயும் இருக்கு! அது வேற தொகுப்பு. அந்தப் பாட்டுல ஏரும் இல்ல, உழவும் இல்ல. நாலே வரி. விரிச்சுப்போட்ட தோல் மாதிரி வெள்ளையா ஒரு களர் நிலம், அதுல ஒருத்தன் விரட்டுற மான். அதை மாதிரி ஓடித் தப்பிச்சுடவும் முடியும், ஆனா சுற்றத்தோட வாழுற வாழ்க்கை காலைத் தடுக்குதேன்னு முடியுது.

அப்போ, இந்த ரெண்டு பாட்டையும் பாடினது ஒரே ஆள்னு யாருக்கோ தெரிஞ்சிருக்கு. அவ்வளவு தெரிஞ்சவங்களுக்குப் பேர் மட்டும் எப்படித் தெரியாமப் போச்சு? நிஜமாவே ஒத்தை ஏர் வெச்சிருந்த மனுஷன், அதனால பேரும் வந்துச்சு, பாட்டுலயும் வந்துச்சுன்னு சொல்லலாம். பின்னாடி ஏடு எழுதினவங்க கை வெச்சிருக்கலாம்னும் சொல்லலாம். எனக்குப் படுறது வேற. அந்தக் குறுந்தொகைப் பாட்டு ஊர்ல ஓடிப் பரவியிருக்கும். அவர் தெருவுல நடந்து போனா, "அதோ பாரு, ஓரேருழவர் போறார்"னு சொல்லியிருப்பாங்க. அடுத்து அவர் மானைப் பாடினாலும் கழுதையைப் பாடினாலும் பேர் அதுதான். அது பேர் தொலைஞ்சதால ஒட்டவெச்ச சீட்டு இல்ல, கூட இருந்தவங்க கூப்பிட்ட பேர்.

இதுக்கு என்கிட்ட இருக்கிற ஆதாரம் பத்து வரி, ரெண்டு அடிக்குறிப்பு, ஒரு அண்ணன். புலவர்கள் யாராவது கேட்டுட்டு இருந்தா திட்டி மெயில் போடுங்க, அடுத்த எபிசோட்ல வாசிக்கிறேன்.

மூல நூலைப் படிக்கணும்னா உ.வே.சாமிநாதையர் உரையோட 1937-ல வந்த குறுந்தொகைப் பதிப்பு இணையத்துலயே கிடைக்குது. அதுக்கு முன்னாடி 1915-லயே சௌரிப்பெருமாள் அரங்கனார் அதைப் பதிப்பிச்சுட்டார், அவரை யாரும் சொல்றதில்ல, அதனால நான் சொல்லிடுறேன்.

உங்க ஹேண்டிலோட கதையை அனுப்புங்க. நீங்க வெச்சதைவிட மத்தவங்க வெச்ச பேரா இருந்தா இன்னும் நல்லது. அப்புறம் கரண்ட் போச்சு அண்ணா, இதை நீங்க எங்காவது கேட்டுட்டு இருந்தீங்கன்னா ஒரு வரி போடுங்க. பேர் சொல்லணும்னு இல்ல. எங்களுக்குத் தெரியும்.