பூல் ஆட்டத்தில் ஜம்ப் கியூ: கருவியும் தண்டனை விதியும் குறித்த வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பூல் ஆட்டத்தில் குறுக்கே நிற்கும் பந்தைத் தாண்டி வெள்ளைப் பந்தைத் துள்ளச் செய்வதற்கென்றே குட்டையான தனிக் கியூ ஒன்று புழக்கத்தில் உள்ளது. ஜம்ப் கியூ என வழங்கும் இக்கருவி ஆட்டத்திற்கு உரியதா என்பது இன்னும் தீராத விவாதம். இக்கருவிக்கு எதிராக மரபின் பெயரால் வைக்கப்படும் வாதம் பில்லியர்ட்ஸ் வரலாற்றோடு பொருந்தவில்லை என்பதையும், கருவிக்கான தேவையைப் பெரிதும் வளர்த்தது தண்டனை விதியில் நேர்ந்த மாற்றமே என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: பூல், பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர், ஜம்ப் கியூ, ஆட்ட விதிகள், விளையாட்டு வரலாறு

சிக்கலின் தோற்றம்

ஒன்பது பந்து ஆட்டத்தில், மேசையில் உள்ளவற்றுள் மிகக் குறைந்த எண்ணுடைய பந்தையே வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும். பந்தைக் குழியில் வீழ்த்த வழியில்லாதபோது, வெள்ளைப் பந்தை வேறொரு பந்தின் பின்னே மறைத்து வைத்து எதிராளியைத் திணறவிடுவது தேர்ந்த ஆட்டக்காரரின் வழக்கம். இது தற்காப்பு அடி எனப்படும். அவ்வாறு மறைக்கப்பட்டவருக்கு மூன்று வழிகள் உள்ளன. வெள்ளைப் பந்தை மேசை விளிம்பின் குஷனில் மோதவிட்டுச் சுற்றுவழியில் இலக்கை அடையலாம். கியூவை நிமிர்த்திப் பிடித்து அடித்துப் பந்தை வளைந்தோடச் செய்யலாம். அல்லது தடுக்கும் பந்தின் மேலாகத் துள்ளிக் கடக்கச் செய்யலாம். முதல் வழி கோணக் கணக்கையும் இரண்டாம் வழி கைப்பக்குவத்தையும் வேண்டுவன. மூன்றாவதற்கு மட்டும் கடையில் கருவி கிடைக்கிறது. விவாதத்தின் வேர் இவ்வேறுபாட்டில்தான் இருக்கிறது.

எதிர்ப்போரின் வாதம் இரு கூறுகளை உடையது. ஒரே கியூவால் ஆடப்பட வேண்டிய ஆட்டத்தில் ஒரு குறிப்பிட்ட அடிக்கெனத் தனிக்கருவி நுழைவது மரபுக்குப் புறம்பானது என்பது ஒன்று. நன்கு அமைக்கப்பட்ட தற்காப்பு அடியின் பயனை அது குலைத்துவிடுகிறது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. ஆனால் முதலாவது வரலாற்றைப் பற்றியது. இரண்டாவது ஆட்டத்தின் நியாயத்தைப் பற்றியது. இவற்றைப் பிரித்து நோக்கினால்தான் சிக்கல் தெளிவுறும்.

துள்ளலின் இயக்கம்

பூல் பந்தின் விட்டம் 57.15 மில்லிமீட்டர், எடை ஏறத்தாழ 156 முதல் 170 கிராம். வழக்கமான கியூ சுமார் 58 அங்குல நீளமும் 18 முதல் 21 அவுன்ஸ் எடையும் கொண்டது. ஜம்ப் கியூவின் நீளம் 40 அங்குலத்தை எட்டும் அல்லது சற்றே மிஞ்சும். எடை பெரும்பாலும் மற்றதில் பாதியளவே.

பந்து துள்ளுவது கீழிருந்து தூக்கப்படுவதால் அன்று. மேலிருந்து சாய்வாக அடிக்கப்படும் பந்து மேசைத் துணியை அழுத்தி, அதனடியில் உள்ள ஸ்லேட் கல்லில் மோதி எழும்புகிறது. பந்தின் அடியில் நுனியைச் செலுத்தி அகப்பையால் அள்ளுவதுபோல் வேண்டுமென்றே தூக்குவதை விதிகள் ஏற்பதில்லை. கனத்த கியூ அடித்த பின்னும் முன்னோக்கியே செல்லும். எழ முயலும் பந்தைக் கல்லுக்கும் தனக்கும் இடையே நெருக்கிவிடும். இலேசான கியூவோ மோதியவுடன் வேகம் இழந்து பந்துக்கு வழிவிடுகிறது. நுனி கெட்டியாக இருந்தால் தொடுகை நேரம் குறைவதுடன் ஆற்றல் வீணாவதும் குறையும். கியூ குட்டையாக இருப்பதால் அதைச் செங்குத்தாக உயர்த்தி, டார்ட் எறிபவர் பிடிப்பதுபோல் பிடித்தும் அடிக்கலாம்.

முழுநீளக் கியூவாலும் பந்தைத் துள்ளச் செய்ய இயலும். ஆயின் தடுக்கும் பந்து சற்றுத் தள்ளி நிற்க வேண்டும்; அடிப்பவருக்கு நீண்ட பயிற்சியும் வேண்டும். இதனாலேயே, ஜம்ப் கியூக்கள் பரவுவதற்கு முன்பு, இரண்டாகக் கழற்றத்தக்க கியூவின் அடித்தண்டை நீக்கிவிட்டு மேல்தண்டால் மட்டும் அடிக்கும் உத்தியைச் சிலர் கையாண்டனர். ஜம்ப் கியூ அந்த உத்தியின் செம்மை பெற்ற வடிவம் எனலாம். கையில் இருந்த வித்தையின் ஒரு பகுதி கருவிக்குள் குடியேறிவிட்டது என எதிர்ப்போர் கூறுவது இயற்பியல் நோக்கில் பிழையன்று.

மரபு என்னும் வாதம்

ஆனால் கியூவின் வரலாறு முழுவதுமே அத்தகைய குடியேற்றங்களின் வரலாறுதான். தொடக்ககாலப் பில்லியர்ட்ஸில் தட்டைத் தலை கொண்ட ‘மேஸ்’ என்னும் கோலால் பந்து தள்ளப்பட்டது. பந்து விளிம்பை ஒட்டி நின்றபோது அகன்ற தலை இடைஞ்சலாக இருந்தமையால், ஆட்டக்காரர்கள் கோலைத் திருப்பி அதன் வால்முனையால் அடிக்கத் தலைப்பட்டனர். கியூ என்னும் பெயரும் வால் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததே. இக்கட்டான ஒரு நிலைக்குரிய தனிக்கருவியாகவே கியூ பிறந்தது. பிறகே அது முழு ஆட்டத்தையும் தனதாக்கிக்கொண்டது. மரபின் பெயரால் ஜம்ப் கியூவை விலக்குவோர் தம் கையில் பிடித்திருப்பதும் அவ்வாறு நுழைந்த ஒன்றே என்பதை எண்ணுவதில்லை.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கியூவின் நுனியில் தோல் ஒட்டும் வழக்கம் பரவியது. இப்புதுமை பிரெஞ்சுப் படைத்தலைவர் பிரான்சுவா மிங்கோவின் பெயரோடு இணைத்துப் பேசப்படுகிறது. அவருடைய நூல் 1827இல் பாரிஸில் வெளிவந்தது. தோல் நுனியும் அதில் தடவிய சாக்கும் பந்தின் சுழற்சியை ஆட்டக்காரரின் விருப்பத்துக்கு உட்படுத்தின. ஜான் தர்ஸ்டன் 1826இல் ஸ்லேட் கல் மேசையை அறிமுகப்படுத்தினார். 1835இல் ரப்பர் குஷனைக் கொண்டுவந்தார். மரப்பலகை மேசை நீடித்திருந்தால் இன்று காணும் துள்ளல் அடியும் உருவாகியிராது. கை எட்டாத இடத்திலுள்ள பந்தை அடிக்கக் கியூவைத் தாங்கும் ரெஸ்ட் வந்தது. இன்றைய பூலில் ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடிக்கென்றே கெட்டி நுனியுள்ள தனிக் கியூவைப் பலர் வைத்திருக்கின்றனர். அதை மரபுக் கேடு எனப் பேசுவோர் மிகச் சிலரே.

தடைகள் எதை நோக்கின?

இதனால் எக்கருவியும் எவ்வடியும் தடுக்கப்படலாகாது என்று முடிவுகட்ட இயலாது. ஆங்கிலப் பில்லியர்ட்ஸ் பல அடிகளைத் தடுத்தும் கட்டுப்படுத்தியும் வந்திருக்கிறது. சிவப்புப் பந்தை அதன் புள்ளியிலிருந்து மீண்டும் மீண்டும் குழியில் வீழ்த்தும் அடியைப் பெரிதும் பயன்படுத்தி டபிள்யூ. ஜே. பீல் 1890இல் ஒரே முறையில் 3,304 புள்ளிகள் எடுத்தார். 1898இல் அவ்வடிக்கு வரம்பு விதிக்கப்பட்டது. 1907இல் டாம் ரீஸ் இரு பந்துகளை மூலைக்குழியின் வாயில் நிறுத்திவைத்து, வாரக்கணக்கில் தொடர்ந்து 4,99,135 புள்ளிகள் குவித்தார். ‘கிரேடில் கேனன்’ எனப்பட்ட அவ்வடி அதே ஆண்டில் தடைசெய்யப்பட்டது. வால்டர் லிண்ட்ரம் 1932இல் 4,137 புள்ளிகள் எடுத்த காலத்தில் மற்றொரு கட்டுப்பாடு வந்தது.

இத்தடைகளில் எதுவும் புதிய கருவியைப் பற்றியதன்று. எவ்வடியும் எளிதெனக் கருதியும் தடுக்கப்படவில்லை. ரீஸின் அடி உண்மையில் மிக நுண்ணியது. எதிராளி நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியின்றிப் போனதே தடைக்குக் காரணம். விதி வகுத்தோர் கேட்ட கேள்வி ‘இது இயல்பானதா?’ என்பதன்று, ‘மற்றவருக்கு மேசையில் இன்னும் இடம் இருக்கிறதா?’ என்பதே. ஜம்ப் கியூவையும் இதே உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது பொருந்தும்.

ஒரு ஃபவுல் விதி

பழைய அமெரிக்க ஒன்பது பந்து ஆட்டத்தில் மறைக்கப்பட்டவர் வெள்ளைப் பந்தை வேறோர் இடத்துக்குத் தள்ளிவிட்டு, அங்கிருந்து அடிக்கும் பொறுப்பை எதிராளி ஏற்கிறாரா எனக் கேட்கலாம். தொடர்ந்து இருமுறை ஃபவுல் நேர்ந்தால்தான் வெள்ளைப் பந்தை விரும்பிய இடத்தில் வைத்து ஆடும் உரிமை எதிராளிக்குக் கிடைத்தது. டெக்சஸ் எக்ஸ்பிரஸ் எனப்படும் விதிமுறை 1980களில் பரவியதும் இந்நிலை மாறியது. பந்தைத் தள்ளிவிடும் வாய்ப்பு ஆட்டத் தொடக்க அடியை அடுத்த ஒரு முறைக்கு மட்டும் சுருங்கியது. ஒரே ஃபவுலுக்கே பந்து எதிராளியின் கைக்குச் சென்றது. ஆட்டம் விரைவு பெற்றது. தொலைக்காட்சிக்கும் அது உகந்ததாயிற்று. ஆனால் தேர்ந்த ஆட்டக்காரரின் கையில் பந்தைக் கொடுப்பது அச்சுற்றையே கொடுப்பதற்கு ஒப்பாகும்.

இதில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. வெள்ளைப் பந்து மறைவது எப்போதும் திறமையால் நேர்வதன்று. குழியில் வீழ்த்த எண்ணித் தவறிய அடியும் தற்செயலாக எதிராளியை மறைத்துவிடலாம். பழைய விதியில் அத்தகைய நற்பேற்றுக்கு மாற்று இருந்தது. புதிய விதியில் அது நீங்கியது. தவறிழைத்தவர் பரிசு பெறுவதும் தவறிழைக்காதவர் தண்டனை பெறுவதும் நிகழலாயிற்று. ஜம்ப் கியூ நிரப்பியது இந்த இடைவெளியைத்தான். அதன் பரவலுக்குப் பின்னே விற்பனையாளரின் ஆர்வமும் இருந்திருக்கும். ஆயினும் தேவை இல்லாத இடத்தில் கருவி நிலைப்பதில்லை.

ஸ்னூக்கரோடு ஒப்பிட்டால் இது மேலும் விளங்கும். 1875இல் ஜபல்பூரில் படை அதிகாரி நெவில் சேம்பர்லினால் தொடங்கப்பெற்று, பின்னர் உதகமண்டலம் கிளப்பில் விதிகள் ஒழுங்குபடுத்தப்பட்ட அவ்வாட்டம் மறைத்தலையே உயிராகக் கொண்டது. இன்றைய ஸ்னூக்கர் விதியில், தடுக்கும் பந்தைத் தாண்டி வெள்ளைப் பந்தைத் துள்ளச் செய்வது எக்கியூவால் நிகழ்த்தப்பட்டாலும் ஃபவுல். ஜம்ப் கியூவை எதிர்ப்போர் இதை முன்மாதிரியாகக் காட்டுவதுண்டு. ஆனால் ஸ்னூக்கரில் ஃபவுலுக்குரிய தண்டனை 4 முதல் 7 புள்ளிகள். வெள்ளைப் பந்தை மேசையின் எவ்விடத்திலும் வைத்துக்கொள்ளும் உரிமை எதிராளிக்கு இல்லை. இலேசான தண்டனை உள்ள ஆட்டத்தால் துள்ளலை முற்றிலும் தடுக்க முடிகிறது. தண்டனையை விட்டுவிட்டுத் தடையை மட்டும் இரவல் வாங்குவது முறையாகாது.

சுற்றுவழியின் கலை

இரண்டாம் வாதத்தின் வலிமை பிறிதோரிடத்தில் உள்ளது. பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரேயெஸ் 1985இல் சீசர் மொரேல்ஸ் என்னும் பெயரில் ஹூஸ்டன் நகரில் ஆட வந்தபோது, குஷனில் மோதவிட்டு இலக்கைத் தொடும் அடியை அமெரிக்கர் அதுவரை அறியாத நுட்பத்துடன் ஆடினார். 1995இல் ரீனோ நகரில் ஏர்ல் ஸ்ட்ரிக்லண்டுடன் 12–12 என ஆட்டம் சமநிலையில் நின்றபோது, மறைந்திருந்த ஐந்தாம் பந்தை இரு குஷன்களில் மோதிச் சென்ற வெள்ளைப் பந்தால் குழியில் வீழ்த்தினார். 1999இல் கார்டிஃபில் உலக ஒன்பது பந்துப் பட்டத்தையும் வென்றார். ஒவ்வொரு மறைவுக்கும் ஆட்டக்காரர் குட்டைக் கியூவையே எடுத்துக்கொண்டிருந்தால், குஷன் கோணங்களைக் கற்க வேண்டிய நெருக்கடி தளரும். ஜம்ப் கியூவுக்கு எதிராகச் சொல்லத்தக்கவற்றுள் கனமானது இதுவே. மரபு பற்றிய முறையீட்டைக் கைவிட்டு இதனை முன்வைத்தால் எதிர்ப்போரின் தரப்பு வலுப்பெறும்.

நாற்பது அங்குல வரம்பு

1987இல் அமைந்த உலகப் பூல் பில்லியர்ட் சங்கத்தின் கருவி விதிகள் ஜம்ப் கியூவைத் தடுக்கவில்லை, வரம்பு கட்டின. கியூவின் நீளம் 40 அங்குலத்துக்குக் குறையலாகாது. எடை 25 அவுன்ஸை மிஞ்சலாகாது. நுனியின் அகலம் 14 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது. கழற்றிய மேல்தண்டால் மட்டும் அடிக்கும் பழைய உத்தி இந்நீள வரம்பினால் விலக்கப்பட்டது. சில போட்டிகளும் லீக்குகளும் இதற்கு மேலும் சென்று தனிக் கியூவையே விலக்கி, முழுநீளக் கியூவால் மட்டும் துள்ளச் செய்ய இசைகின்றன. கிரிக்கெட்டில், 1979இல் டென்னிஸ் லில்லி பெர்த் மைதானத்துக்கு அலுமினிய மட்டையுடன் வந்ததை அடுத்து மட்டை மரத்தாலானதாக இருக்க வேண்டும் என விதி திருத்தப்பட்டதைப் போன்ற திட்டவட்டமான முடிவு பூலில் எட்டப்படவில்லை. நுனி தோலாலோ நார்த்தன்மையும் நெகிழ்வும் உள்ள பிற பொருளாலோ ஆனதாக இருக்க வேண்டும் என்னும் விதியிருந்தும் ஃபீனாலிக் போன்ற கெட்டிப் பொருள்கள் பற்றிய வழக்கு எழுந்ததற்குக் காரணம், சொல் ஒன்றாகவும் புழக்கம் வேறாகவும் இருந்தமையே.

நடுவழி ஒன்று உண்டெனில் அது இந்த நுனியில்தான் உள்ளது. தோல் நுனியை உறுதியாக வற்புறுத்தினால், குட்டைக் கியூ இருந்தும் துள்ளல் அரிய அடியாகவே நிற்கும். தனிக் கியூவை அடியோடு விலக்க விரும்பும் போட்டிகள் பந்தைத் தள்ளிவிடும் பழைய உரிமையையும் மீட்டுத்தர வேண்டும். இல்லையேல் தற்செயலுக்குக் கிடைக்கும் பரிசு பெருகும். ரீஸின் அடியைப் போல ஜம்ப் கியூ எதிராளியை மேசையிலிருந்து வெளியேற்றிவிடவில்லை என்பதும் கருதத்தக்கது. துள்ளி இலக்கைத் தொடுவது வேறு, குழியில் வீழ்த்துவது வேறு. துள்ளிய பந்தை விரும்பிய இடத்தில் நிறுத்துவது அதனினும் அரிது. எவ்வளவு குட்டையான கியூவாயினும், தடுக்கும் பந்தை வெள்ளைப் பந்து ஒட்டி நின்றால் அதன் மேலாகத் துள்ளச் செய்ய இயலாது. ஆதலால் இன்றைய தேர்ந்த ஆட்டக்காரர், இலக்கை மறைத்தால் போதும் என்று நில்லாமல், வெள்ளைப் பந்து தடுக்கும் பந்தை உரசிக்கொண்டு நிற்கும்படி தற்காப்பு அடியின் விசையை அளந்து ஆடுகின்றனர்.