ஸ்விண்டன் ரவுண்டானா: ஒரே விதி, ஐந்து தடவை

இன்னைக்கு நாம போகப்போறது இங்கிலாந்துல இருக்கிற ஸ்விண்டன் நகரத்துக்கு. அங்கே ஐந்து சாலைகள் சந்திக்கிற இடத்துக்குப் பேரு மேஜிக் ரவுண்டபவுட். மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தா தலை சுத்தும். நடுவுல ஒரு வட்டம், அதைச் சுத்தி ஐந்து குட்டி ரவுண்டானா.

நம்ம மாதிரியே அவங்களும் இடதுபக்கம் ஓட்டுறவங்க. அதனால குட்டி ரவுண்டானாக்களில் வண்டிகள் வழக்கம்போல கடிகார முள் திசையில் சுத்தும். ஆனா நடு வட்டத்தை ஒட்டி எதிர்த்திசையில் போகும்! போக வேண்டிய சாலைக்கு எந்தப் பக்கம் கிட்டக்கவோ, அந்தப் பக்கமா போயிடலாம்.

இப்படி ஒண்ணை யாராவது ஏன் கட்டணும்? அதுக்கு 1966க்கு முன்னாடி போகணும். அப்போ பிரிட்டன் ரவுண்டானாக்களில் யார் முதல்ல போகணும்னு தெளிவான விதி கிடையாது. கூட்டம் அதிகமானா, உள்ளே நுழையுற வண்டிகள் வெளியேறப் போற வண்டிகளை மறிக்கும். அவை நகராததால இவையும் நகராது. சாஃப்ட்வேர் ஆட்கள் இதை டெட்லாக் என்போம்.

1966ல் விதி வந்தது: வலதுபக்கம் இருந்து வர்றவங்களுக்கு வழிவிடு. அதாவது, ஏற்கெனவே வட்டத்துக்குள்ள இருக்கிறவருக்குத்தான் முன்னுரிமை. சாலை ஆய்வுக்கூடப் பொறியாளர் ஃபிராங்க் பிளாக்மோர் இந்த விதிக்குள்ள இருந்த வாய்ப்பைப் பார்த்தார். எல்லாரும் வழிவிட்டா, பெரிய வட்டமே தேவையில்லை, சின்னதே போதும். மினி ரவுண்டானா பிறந்தது அப்படித்தான். 1972ல் ஸ்விண்டனில் அவர் ஐந்தை ஒண்ணா கோத்தார்.

எடுத்த எடுப்பிலேயே நிரந்தரமா கட்டிடலை. குட்டி வட்டங்களை மாத்தி மாத்தி வெச்சுப் பார்த்தாங்க. ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு போலீஸ்காரர் நின்னு, டிரைவர்கள் எப்படிச் சமாளிக்கிறாங்கன்னு கவனிச்சார். புரொடக்‌ஷனுக்குப் போகும் முன்னாடி டெஸ்ட்டிங்! பக்கத்துல இருக்கிற கவுண்டி கிரவுண்ட் கால்பந்து மைதானத்தை வெச்சு கவுண்டி ஐலண்ட்ஸ்னுதான் முதல்ல பேரு. மக்கள் வாயில நின்னது, ஒரு குழந்தைகள் டிவி தொடரோட பேரு.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் இதுதான்: ஓட்டுறவருக்கு முழு மேப்பும் தெரியணும்னு அவசியமில்லை. அடுத்த வட்டத்துல வலதுபக்கம் பார்த்து வழிவிட்டா போதும். பார்க்கவே பயமா இருக்கிறதால யாரும் வேகமா நுழையவும் மாட்டாங்க. நடுவுல உட்கார்ந்து எல்லாத்தையும் இயக்குற மூளை எதுவும் இல்லை. ஆனா இதுக்கு ஒரு நிபந்தனை உண்டு: முன்பின் தெரியாத எதிர் டிரைவரும் அதே விதியை மதிப்பார்னு நம்பணும். ஐம்பது வருஷம் தாண்டியும் ஸ்விண்டன் அந்த நம்பிக்கையிலதான் ஓடுது.