சென்னை உறக்க ஆய்வு

பணியாளரின் நலம் அவருடைய வேலைத்திறனை எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது என்பதைத் தூக்கத்தைக் கொண்டு சோதித்துப் பார்த்த கள ஆய்வு. பெட்ரோ பெஸ்ஸோன், கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக், ஹெதர் ஸ்கோஃபீல்டு, மேட்டி டோமா ஆகியோர் சென்னையில் நடத்திய இதன் முடிவுகள், 2021இல் ‘குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்’ இதழில் வெளிவந்தன.

குறைந்த வருமானமுள்ள 452 பேர் ஏறக்குறைய ஒரு மாதம் ஓர் அலுவலகத்துக்கு வந்து டேட்டா என்ட்ரி வேலை பார்த்தனர். எவ்வளவு தட்டினார்கள், எவ்வளவு சரியாகத் தட்டினார்கள் என்பதைப் பொறுத்துக் கூலி. இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டால் கணக்கு சரியாக வராது என்பதால், மணிக்கட்டில் ஆக்டிகிராஃப் என்னும் அசைவுமானி கட்டப்பட்டது. அவர்கள் படுத்திருந்தது சராசரியாக 8 மணி நேரம். தூங்கியதோ ஐந்தரை மணி நேரம்தான். புழுக்கம், கொசு, இரைச்சல், வெளிச்சம் என்று ஏதாவது ஒன்று எழுப்பிவிட்டுக்கொண்டே இருந்தது. படுத்த நேரத்தில் தூங்கிய நேரத்தின் பங்கைப் பார்த்தால், தூக்கமின்மை நோயுள்ளவர்களின் நிலைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது.

முதல் வாரம் வெறும் அளவீடு. அடுத்த மூன்று வாரங்களில் ஒரு பிரிவினருக்குத் தூக்கம் பற்றிய அறிவுரையோடு மெத்தை, மின்விசிறி, காதடைப்பான், கண்மறைப்பு போன்றவை தரப்பட்டன. சிலருக்குக் கூடுதலாகத் தூங்கிய நேரத்துக்குக் காசும் கிடைத்தது. தூக்கம் இரவுக்கு 27 நிமிடம் கூடியது. ஆனால் தூக்கம் ஆழமானதால் அல்ல, படுக்கையில் கிடந்த நேரம் நீண்டதால். வேலையின் வேகம், சிந்தனைத் தெளிவு, மனநிலை எதிலும் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. வேலை பார்த்த நேரம் சற்றே குறைந்தது. துறை வல்லுநர்கள் முன்கூட்டிச் சொல்லியிருந்த கணிப்புகள் பொய்த்தன. இந்த ஆய்வில் அதிகம் பேசப்படவேண்டிய இடம் இதுவே.

இன்னொரு பிரிவினருக்குப் பிற்பகலில் அலுவலகத்திலேயே அரை மணி நேரம் கண்ணயர இடம் ஒதுக்கப்பட்டது. வீட்டை விட அமைதியான இடம். அவர்களுடைய வேலைத்திறன், மனநலம், அறிதிறன் மூன்றும் மேம்பட்டன. 27 நிமிட இரவுத் தூக்கத்தால் ஆகாதது, பகலில் போட்ட குட்டித் தூக்கத்தால் ஆனது. ஆக, படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் கூட்டினால் போதும் என்ற வழக்கமான அறிவுரை, நெரிசலான நகர்ப்புற வீடுகளுக்கு அப்படியே பொருந்துவதில்லை.

வருமானக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. அந்த அரை மணி நேரத்தைச் சும்மா இடைவேளையாகக் கழித்தவர்களை விடத் தூங்கி எழுந்தவர்கள் கூடுதலாகச் சம்பாதித்தனர். இடைவேளையே இல்லாமல் தட்டிக்கொண்டிருந்தவர்களோடு ஒப்பிட்டால் குறைவாகவே சம்பாதித்தனர். திறன் உயர்ந்தும், இழந்த நேரத்தை அது முழுதாக ஈடுகட்டவில்லை. ஏற்கனவே மதிய இடைவேளை விடும் நிறுவனத்துக்கு ஒரு பாயும் அமைதியான மூலையும் லாபம். வேலைக்கேற்ற கூலி வாங்குபவரோ தன் தூக்கத்துக்கான விலையைத் தானே கொடுக்கிறார்.