டிரா போதும்... ஆனாலும் வெற்றிக்கே குறிவைத்த நெப்ராஸ்கா! 1984 ஆரஞ்சு பவுலில் என்ன நடந்தது?

ஒரு பாயின்ட் எடுத்தால் டிரா. டிரா ஆனாலே சாம்பியன் பட்டம் ஏறக்குறைய கையில். ஆனாலும் அந்த ஒரு பாயின்ட் வேண்டாம் என முடிவெடுத்தார் ஒரு பயிற்சியாளர். 40 ஆண்டுகள் தாண்டியும் அமெரிக்காவில் இன்னும் பேசப்படுகிறது அந்த முடிவு.

பவுல் கேம்னா என்ன?

இது நம்ம ஊர் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால். சீசன் முடிந்ததும் சிறந்த கல்லூரி அணிகளை அழைத்து நடத்தும் போட்டிதான் பவுல் கேம். அப்போதெல்லாம் ஃபைனல் என்று தனியாக எதுவும் கிடையாது. பத்திரிகையாளர்களும் பயிற்சியாளர்களும் தனித்தனியே ஓட்டுப்போட்டுத்தான் நம்பர் 1 அணியைத் தேர்ந்தெடுப்பார்கள்.

யார் யார் மோதினார்கள்?

1984 ஜனவரி 2. ஆடிய 12 போட்டிகளிலும் வென்று நம்பர் 1 இடத்தில் இருந்தது நெப்ராஸ்கா. எதிரணியான மயாமிக்கு 5-வது இடம்தான். ஆனால், ஆட்டம் நடந்தது மயாமியின் சொந்த மைதானத்தில்!

ஆரம்பமே அதிர்ச்சி. முதல் கால்பகுதியிலேயே 17-0 என முன்னிலை பெற்றது மயாமி. அந்த அணியின் இளம் குவார்ட்டர்பேக் பெர்னி கோசார் வீசிய பாஸ்கள் நெப்ராஸ்காவைத் திணறடித்தன. நெப்ராஸ்கா 17-17 என சமன் செய்தது. மயாமி மறுபடியும் 31-17 என எகிறியது. நட்சத்திர வீரர் மைக் ரோசியரும் காயத்தால் வெளியேற, கதை முடிந்தது என்றே தோன்றியது.

கடைசி 48 விநாடி

ஆனால், நெப்ராஸ்கா விடவில்லை. 48 விநாடிகள் மிச்சமிருக்க, ரோசியருக்குப் பதிலாக இறங்கிய ஜெஃப் ஸ்மித் டச் டவுன் அடித்தார். ஸ்கோர் 31-30.

டச் டவுனுக்குப் பிறகு பந்தை கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 1 பாயின்ட். ஓடியோ பாஸ் வீசியோ எண்ட் ஸோனைத் தொட்டால் 2 பாயின்ட். அதே நாளில் 2-வது இடத்தில் இருந்த டெக்சாஸ் 10-9 எனத் தோற்றிருந்தது. அதனால், நெப்ராஸ்காவுக்கு டிராவே போதும் என்ற நிலை. எக்ஸ்ட்ரா டைம் விதியும் அப்போது இல்லை.

பயிற்சியாளர் டாம் ஆஸ்போர்ன் 2 பாயின்ட்டுக்கே போனார். டர்னர் கில் வீசிய பந்தை மயாமி வீரர் கென்னி கால்ஹூன் விரல்களால் தட்டிவிட, அது ஸ்மித்தின் கைக்குச் சிக்கவில்லை. அவ்வளவுதான்!

அப்புறம் என்ன ஆச்சு?

மயாமிக்கு முதல் தேசிய சாம்பியன் பட்டம். 3-வது இடத்தில் இருந்த ஆபர்ன் தன் பவுல் போட்டியில் ஜெயித்தும், ஓட்டு மயாமிக்கே விழுந்தது. நெப்ராஸ்கா 2-வது இடம்.

ஆஸ்போர்ன் முதல் பட்டத்துக்கு 11 ஆண்டுகள் காத்திருந்தார். 1995 ஜனவரி 1-ல் அதே மைதானத்தில், அதே மயாமியை 24-17 என வீழ்த்தித்தான் அதை வென்றார்.