முரண்பட்ட முன்வாக்குமூலம்

சாட்சி முன்பு சொன்னதும் கூண்டில் ஏறிச் சொல்வதும் ஒத்துப்போகாதபோது, முன்னதைக் காட்டிப் பின்னதை மறுக்கும் முறை. இந்தியாவில் 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 145ஆம் பிரிவில் இருந்த இவ்விதி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 148ஆம் பிரிவில் உள்ளது.

இதன் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. 1820இல் அரசி கரோலின்மீது பிரபுக்கள் சபை நடத்திய விசாரணையில், சாட்சி எழுதிய கடிதத்தைப் பற்றிக் கேட்குமுன் அதை அவரிடம் காட்டியாக வேண்டும் என்றனர் நீதிபதிகள். பொய் சொல்ல வந்தவர் சுதாரித்துக்கொள்ள இது இடம் தந்தது. 1854ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தளர்த்தியது: காட்டாமலே கேட்கலாம், ஆனால் அந்த எழுத்தைக் கொண்டு மறுப்பதென்றால், முரண்படும் பகுதியை முதலில் சாட்சியின் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும். இந்தியச் சாட்சியச் சட்டத்தை வரைந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் இதையே 145ஆம் பிரிவில் எழுதினார்.

இந்தியாவில் சிக்கல் முழுவதும் காவல்துறை எழுதும் வாக்குமூலத்தில்தான். அதில் சாட்சி கையெழுத்திடக் கூடாது; அதன் உள்ளடக்கம் சான்றாகாது; சாட்சியை மறுக்க மட்டுமே பயன்படும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த வரிகளைச் சாட்சியிடம் வைப்பார். சாட்சி அப்படிச் சொல்லவில்லை என்றால், புலனாய்வு அதிகாரி கூண்டில் ஏறும்போது அவரிடம் வழக்கறிஞர் ‘சாட்சி இப்படித்தான் சொன்னாரா’ என்று கேட்பார். அதிகாரி ஆமென்றால்தான் முரண்பாடு நிரூபணமாகும். இந்த இரண்டாம் படியைத் தவறவிட்டால் முதல் படியின் உழைப்பும் வீண். அரசுத் தரப்பும் நீதிமன்ற அனுமதியுடன் தன் சாட்சியை இவ்வாறு மறுக்கலாம் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 1955ஆம் ஆண்டுத் திருத்தம் தந்த உரிமை. சொல்லாமல் விட்டது முரண்பாடாகுமா என்ற கேள்வியை 1959இல் தாசில்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாக ஆராய்ந்தது. முக்கியமான விடுபாடும் முரண்பாடாகலாம் என்ற விளக்கம் 1973ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்ந்தது.

தன்னை அழைத்த தரப்புக்கு எதிராகத் திரும்பும் பிறழ் சாட்சியின் சாட்சியம் முழுவதும் அழிந்துவிடாது, நம்பத்தக்க பகுதியை ஏற்கலாம் என்று 1975இல் சத்பால் வழக்கு தெளிவாக்கியது. ஆனால் பழைய வாக்குமூலம் நீதிமன்றச் சாட்சியத்தின் இடத்துக்கு வர முடியாது. நடுவர் முன் பதிவான வாக்குமூலத்துக்கும் இதே நிலைதான். இங்கிலாந்தோ 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 119ஆம் பிரிவில் முன்வாக்குமூலத்தையே உண்மைக்குச் சான்றாக ஏற்றுவிட்டது.

மிரட்டலுக்கும் பணத்துக்கும் சாட்சிகள் பிறழ்வதைப் பார்ப்பவர்களுக்கு அந்த மாற்றம் கவர்ச்சியாகத் தோன்றும். ஆயினும் காவல் நிலையத்தில் அதிகாரி எழுதி, சாட்சி கையெழுத்திடாத தாளை வைத்து ஒருவரைச் சிறைக்கு அனுப்ப மறுக்கும் இந்திய விதியே நியாயமானது.